முதலிடம் காலி

ஒரு மாவட்டம் பிறந்தால் முதலில் கலெக்டர் வருவார். அப்புறம் கலெக்டருக்குக் கார் வரும். அப்புறம் அந்தக் காரை மறித்து மனுக் கொடுக்க ஜனங்கள் வருவார்கள். இதற்கு நடுவில் யாரும் கூப்பிடாமலே வந்து சேருபவை சங்கங்கள். 1997ஆம் வருஷம் நாமக்கல் தனி மாவட்டமாகி ஆறு மாதம் ஆவதற்குள் கேரம் சங்கம், வளையப்பந்துச் சங்கம், கயிறு இழுக்கும் சங்கம் என்று எல்லாவற்றுக்கும் பலகை மாட்டியாகிவிட்டது. கடைசியில் ஆள் பிடிக்காமல் மிச்சம் கிடந்தது டைவிங். உயரமான மேடையிலிருந்து நீருக்குள் தலைகீழாகப் பாய்கிற அந்த விளையாட்டுக்கு மாவட்டத்தில் மேடையும் இல்லை, குளமும் இல்லை, பாய்வதற்கு ஆளும் இல்லை. ஆகவே இடைஞ்சல் ஒன்றும் இல்லாமல் ஒரே மத்தியானத்தில் சங்கம் அமைந்தது.

தலைவர் மருதாசலம். ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரி நாலு வைத்திருப்பவர். பதவியேற்ற அன்று மாலையைக் கழற்றாமலே பேசினார்.

"ஆழம்னா என்னன்னு என்னையக் கேளுங்க. ராஜஸ்தான்ல ஆயரத்தி எரநூறு அடி எறக்குனவன் நானு. தண்ணி வரலைன்னாலும் எறக்குனதை நிறுத்துனதில்ல. வெறும் பத்து மீட்டர் எறங்கறதுக்கு மார்க்குப் போடறாங்களாமா. நம்ம மாவட்டத்துக்கு இதெல்லாம் ஒரு ஆழமுங்களா?"

செயலாளர் குணசேகரன், கூட்டுறவுப் பண்டகசாலையில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். தண்ணீரில் இறங்கினால் சளி பிடிக்கும் என்பதால் தீர்த்தத்தைக்கூடத் தலையில் தெளித்துக்கொண்டதோடு சரி. ஆனால் சங்கத்தின் உயிர்நாடி அவர் கையில்தான் இருந்தது. அதுதான் விதிப்புத்தகம். வெளிநாட்டில் அச்சான தடிமனான நீல அட்டைப் புத்தகம். அது வந்த கண்ணாடிக் காகித உறையைப் பிரித்தால் பழசாகிவிடும் என்று பிரிக்காமல் வைத்திருந்தார். ஆயுத பூஜைக்கு உறையின் மேலேயே சந்தனம் குங்குமம் வைத்தார். எந்தக் கேள்வி வந்தாலும் அதன் மேல் உள்ளங்கையை வைத்து, "விதியில அப்படித்தான் இருக்குது" என்பார். பிரிக்காத புத்தகத்தை எதிர்த்து யார் பேச முடியும்?

இந்தச் சங்கத்தைத் தேடிக்கொண்டுதான் கொல்லிமலையிலிருந்து யமுனா இறங்கி வந்தாள்.

யமுனாவுக்கு அப்போது பதினைந்து முடிந்து பதினாறு நடந்துகொண்டிருந்தது. மலையின் உட்பிரிவுகளை நாடு என்பார்கள். அதில் திண்ணனூர் நாட்டில் ரோடு முடிந்து ஒற்றையடிப் பாதையில் அரை மணி நேரம் நடந்தால் அவள் வீடு. அப்பன் சென்றாயன் மிளகுக் கொடியும் சாமைக் காடுமாக இருப்பவர். அம்மா கண்ணாயி. யமுனா ஓர் இடத்தில் நிற்கிற பிறவி இல்லை. சோறு உண்ணும்போதே ஒரு கால் வாசலைப் பார்த்துக்கொண்டிருக்கும். "பொறக்கும்போதே எட்டிப் பாத்துட்டுத்தான் பொறந்தா" என்பாள் கண்ணாயி. அந்தப் பரபரப்பு அடங்குகிற இடம் ஒன்றே ஒன்று. காட்டாறு விழுந்து தேங்கும் கருமடு. அதன் மேல் ஆறு ஆள் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பாறை. பாறை நுனியில் நின்றால் மட்டும் அவள் கால் ஆடாது.

கருமடுவில் கல் போடாமல் யாரும் குதிக்க மாட்டார்கள். காற்று நின்ற நேரத்தில் மடு கண்ணாடியாகக் கிடக்கும். மேலே நிற்பவருக்கு வானம் தெரியும், மரம் தெரியும், தன் நிழல்கூடத் தெரியும். தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்பது மட்டும் தெரியாது. கண் இமைக்கும் நேரம் முந்தியோ பிந்தியோ உடம்பை நீட்டினால் நெஞ்சில் அறை விழும். அதனால் கரையில் நிற்பவர் ஒரு கைப்பிடிக் கூழாங்கல்லை வீசுவார். நீர் கலையும். கலைந்த இடத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு குதிப்பவர் குதிப்பார். கல் போடுகிறவர் குதிக்கிறவரின் சொந்த வீட்டு ஆளாக இருக்க வேண்டும் என்பது ஊர் முறை. காரணம் கேட்டால், "அடுத்தவன் ஊட்டுப் புள்ளைக்கு எவன் பாத்துப் போடுவான்?" என்பார்கள். யமுனாவுக்குக் கல் போடுவது கண்ணாயி. மடியில் எப்போதும் பத்துக் கல் இருக்கும்.

முள்ளுக்குறிச்சிப் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் பூபதி ஒருநாள் மிளகு வாங்க மலைக்கு வந்தவர், அவள் குதிப்பதைப் பார்த்துவிட்டு மிளகை மறந்தார். நேராகப் பாய்வதற்கு மீன்கொத்தி, உருண்டு பாய்வதற்கு மந்தி என்று அவர்கள் பேர் வைத்திருந்ததை எல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார்.

"கோலாலம்பூர்ல இளையோர் போட்டி நடக்குதும்மா. ரெண்டு வருசத்துக்கு ஒருக்கா. இந்தத் தடவை நேரமில்ல. அடுத்தது தொண்ணூத்தொம்பது டிசம்பர் பத்தாந் தேதி. அன்னிக்குப் பதினெட்டு முடிஞ்சிருக்கக் கூடாது."

யமுனாவுக்குப் பதினெட்டு முடிவது அந்த டிசம்பர் இருபதாம் தேதி. பத்து நாள் இடைவெளி. அதைத் தவறவிட்டால் அப்புறம் அவளுக்கு அந்தப் போட்டி கிடையாது. இந்தப் பத்து நாள் அவள் காலுக்குள் புகுந்துகொண்டது. மறுநாளே அம்மாவை இழுத்துக்கொண்டு எழுபது கொண்டை ஊசி வளைவையும் பஸ்ஸில் இறங்கினாள். நாற்பதாவது வளைவில் கண்ணாயி வாந்தி எடுத்தாள். இனி எத்தனை தடவை எடுக்கப்போகிறோம் என்று அப்போது அவளுக்குத் தெரியாது.

சங்க ஆபீஸ் ரிக் லாரி உதிரிபாகக் கடைக்கு மேலே இருந்தது. குணசேகரன் மனுவை வாங்கி, மூன்று தடவை திருப்பிப் பார்த்தார்.

"மாவட்டத் தேர்வுல கலந்துக்கோணும்னா, போன வருசம் மாவட்டப் போட்டியில கலந்துக்கிட்டதுக்குச் சான்று வேணும் கண்ணு."

"போன வருசம் போட்டி நடந்துச்சுங்களா?"

"எப்படி நடக்கும்? போன வருசம் மாவட்டமே இல்லியே."

"அப்பச் சான்றுக்கு எங்கீங்க போறது?"

குணசேகரன் புத்தகத்தின் மேல் கையை வைத்துக் கண்ணை மூடினார். "பழைய மாவட்டத்துக்குப் போய், நீ அங்கியும் கலந்துக்கலைன்னு ஒரு சான்று வாங்கிட்டு வா. கலந்துக்காததுக்கு ஆதாரம் இருந்தா, கலந்துக்கறதுக்கு யோசிக்கலாம்."

பழைய மாவட்டத்துச் சங்கத்தில் அப்படி ஒரு சான்று கொடுப்பதற்குப் பாரம் இல்லை. பாரம் அச்சடிக்க நாலு மாதம் ஆயிற்று. அச்சடித்த பிறகு, அவள் கலந்துகொள்ளவில்லை என்பதை நேரில் பார்த்த இரண்டு சாட்சிகள் கேட்டார்கள். கண்ணாயி ஒரு சாட்சி. இன்னொரு சாட்சியாகப் பூபதி வாத்தியார், தான் இவளை அந்தப் போட்டியில் ஒருபோதும் பார்த்ததே இல்லை என்று கையெழுத்துப் போட்டார். ஆறு தடவை இறங்கி ஆறு தடவை ஏறினார்கள். யமுனா பெஞ்சில் உட்கார மாட்டாள். ஆபீஸ் வராந்தாவில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்துகொண்டே இருப்பாள். பாறையில் நின்றால் மூன்று எண்ணுவதற்குள் முடிகிற காரியம் இது. இதற்கு ஏன் இத்தனை மாதம் என்று அவளுக்கு நிஜமாகவே விளங்கவில்லை.

தொண்ணூற்றெட்டு ஆடியில் மாவட்டத் தேர்வு நடந்தது. குளம் இல்லாத மாவட்டத்தில் எப்படி நடத்துவது என்று சங்கம் மூன்று கூட்டம் போட்டது. "எங்கூருப் பக்கந்தான் தண்ணி இருக்குதுங்களே" என்று சொல்லிப் பார்த்தாள் யமுனா. மலையில் இருப்பது மாவட்டப் பொதுவிடம் ஆகாது என்றார்கள். அடிவாரத்தில் எத்தனையோ திறந்த கிணறுகள் இருக்கின்றனவே என்றாள் கண்ணாயி. கிணறு வட்டமாக இருக்கும், விதி சதுரத்தைப் பற்றித்தான் பேசுகிறது என்றார் குணசேகரன். கடைசியில் ஆபீஸ் மேசையின் மேல் ஒரு நாற்காலியைப் போட்டு, கீழே இலவம்பஞ்சு மெத்தையை விரித்தார்கள்.

"தண்ணி இருக்குதுன்னு நெனச்சுக்க சாமி" என்றார் மருதாசலம். "நான் எத்தனை போர் போட்டிருக்கறேன். தண்ணி இருக்குதுன்னு நெனச்சுத்தான் போடறேன்."

டைவிங்கில் நீர் எவ்வளவு குறைவாகத் தெறிக்கிறதோ அவ்வளவு மார்க். இங்கே மெத்தையிலிருந்து தூசி எவ்வளவு குறைவாக எழும்புகிறதோ அவ்வளவு மார்க் என்று முடிவாயிற்று. யமுனா நாற்காலியில் ஏறி நின்றாள். தலை மின்விசிறிக்கு ஒரு சாண் கீழே இருந்தது. கண்ணாயி வழக்கத்தை விடக் கூடாது என்று மடியிலிருந்து ஒரு கல்லை எடுத்து மெத்தையில் போட்டாள். யமுனா விழுந்தாள். தோள்பட்டை வீங்கிற்று. மெத்தை பழைய மெத்தை. தூசியில் மூன்று நடுவர்களும் தும்மினார்கள்.

முடிவை மருதாசலமே ஒலிபெருக்கியில் அறிவித்தார். போட்டியில் கலந்துகொண்டது யமுனா ஒருத்திதான். அவளுக்கு இரண்டாமிடம்.

"மொத எடம் ஆருக்குங்க?" என்று கேட்டாள் கண்ணாயி.

"காலி" என்றார் குணசேகரன். "தகுதியான ஆளு வார வரைக்கும் காலியா வெச்சிருக்கோம். மொத வருசமே மொதலிடத்தைக் குடுத்துட்டா அதுக்கு என்ன மதிப்பு?"

"ரெண்டாவது வந்தவ மாநிலப் போட்டிக்குப் போலாமுங்களா?"

"மொதலாவது வந்தவங்கதான் போலாம்."

யமுனா ஆபீஸ் மாடிப்படியை மூன்று மூன்றாகத் தாண்டி இறங்கி, பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஓடினாள். பின்னால் கண்ணாயி மடியில் கல் குலுங்க ஓடி வந்தாள்.

தொண்ணூற்றொன்பதிலும் அதே மெத்தை, அதே நாற்காலி, அதே இரண்டாமிடம். இனி இதோடு விட்டுவிடலாம் என்று சென்றாயன்கூடச் சொல்லிப் பார்த்தார். ஆனால் அந்த வருஷம் மாநிலக் கழகத்துக்குத் தேர்தல். போட்டியாளர் ஒருவரையாவது அனுப்புகிற மாவட்டத்துக்குத்தான் ஓட்டு. இதைக் கேள்விப்பட்டதும் மருதாசலத்துக்கு விளையாட்டின் மேல் அக்கறை பொங்கிற்று. மலைக்கே ஆள் அனுப்பி உத்தரவைக் கொடுத்தார். 'குமாரி யமுனா தமது இரண்டாமிடத்துடன் முதலிடத்தையும் கூடுதல் பொறுப்பாகக் கவனித்துக்கொள்வார்.'

மாநிலத் தேர்வு அக்டோபரில் தலைநகரத்தில் நடந்தது. யமுனா முதன்முதலாக அங்கேதான் நீச்சல் குளம் என்பதைப் பார்த்தாள். பத்து மீட்டர் மேடை கிட்டத்தட்டக் கருமடுப் பாறை உயரம். பார்த்ததும் அவள் கால் பரபரத்தது. ஆனால் குளத்தைப் பார்த்ததும் அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். தண்ணீர் துளி அசைவில்லாமல் கிடந்தது. கருமடு காற்று நின்ற நேரத்தில் கிடப்பதைவிட மோசம். மேற்பரப்பில் நீர் தூவுவதற்கென்று குளத்தோரத்தில் ஒரு குழாய் இருந்தது. அது எதற்கு என்று யாருக்கும் தெரியாததால் தோட்டத்துக்குத் திருப்பி விட்டிருந்தார்கள். குரோட்டன்ஸ் செடிகள் செழிப்பாக வளர்ந்திருந்தன.

மாநிலத் தேர்வாளர் அர்த்தனாரி வெள்ளைக் கால்சட்டையும் தொப்பியுமாக எழுந்து பேசினார். "இந்தக் குளத்தைப் போல ஒரு குளம் ஆசியாவிலேயே கிடையாது. பத்து வருஷமாக இதில் ஒருவரையும் இறங்கவிட்டதில்லை. அலை எழும்பினால் ஒழுங்கு கெட்டுவிடும். ஒழுங்குதான் விளையாட்டு. நீச்சல் வீரர்களால்தான் நீச்சல் குளங்கள் கெடுகின்றன என்பது என் அனுபவம்."

கைதட்டினார்கள். வாசலில் சோதனை போட்ட காவலாளி கண்ணாயியின் மடியிலிருந்த கல் பத்தையும் வாங்கி வைத்துக்கொண்டிருந்தார். அபாயகரமான பொருளாம்.

முதலில் போன பெண் தண்ணீர் இருக்கும் இடம் தெரியாமல் வயிறு அடிபட விழுந்தாள். அந்தச் சத்தம் கணீரென்று இருந்ததாக நடுவர்கள் ஆறு மார்க் போட்டார்கள். அலை அடங்கிக் குளம் ஒழுங்குக்கு வந்த பிறகு ஏறிய அடுத்தவள் மேடையின் விளிம்பு வரை போய்ப் பார்த்துவிட்டுப் படி வழியாகவே இறங்கி வந்தாள். பத்திரமாக வந்ததற்கு அவளுக்கு ஏழு.

யமுனா மேலே ஏறினாள். கீழே பார்த்தாள். வானம் இருந்தது. ஒரு மேகம் இருந்தது. மேடையின் அடிப்பாகமும் அவளுடைய பத்துக் கால்விரலும் தலைகீழாக இருந்தன. தண்ணீரைக் காணோம். இத்தனை வருஷம் பாறையில் ஆடாத கால் அன்றைக்கு ஆடிற்று.

"அம்மா, தண்ணி தெரியல."

"ஒரு நிமிஷம்தான் நேரம்" என்று அர்த்தனாரி கடிகாரத்தை எடுத்தார். "அப்புறம் பூஜ்யம்."

கண்ணாயி மடியைத் தடவினாள். ஒன்றும் இல்லை. சுற்றிலும் பார்த்தாள். வழவழவென்று சிமெண்டுத் தரை. பெருக்கித் துடைத்த ஒழுங்கான இடத்தில் ஒரு கூழாங்கல் கிடைக்குமா? நடுவர் மேசைக்கு வந்தாள். பட்டுத் துணி விரித்து அதன் மேல் சந்தனமும் குங்குமமுமாக வீற்றிருந்தது குணசேகரன் கொண்டுவந்திருந்த விதிப்புத்தகம். கை எடுத்துக் கும்பிட்டாள். குணசேகரன் பதிலுக்குக் கும்பிட்டார். அவர் கை இறங்குவதற்குள் புத்தகம் குளத்தின் நடுவில் தொப்பென்று விழுந்தது.

ஆசியாவிலேயே இல்லாத குளத்தில் மறுபடியும் வட்டம் வட்டமாக அலை விரிந்தது. யமுனாவுக்குத் தண்ணீர் தெரிந்தது. கால் நின்றது. அவள் மீன்கொத்தியாகப் பாய்ந்தாள். குளம் அவளை வாங்கிக்கொண்ட இடத்தில் ஒரு கை நீர்கூடத் தெறிக்கவில்லை. வாசலில் நின்ற காவலாளி தன்னை மறந்து கையைத் தட்டினார். நடுவர்களில் நாலு பேர் யோசிக்காமல் ஒன்பதரையைத் தூக்கிக் காட்டிவிட்டார்கள்.

அர்த்தனாரி அதை இறக்கச் சொன்னார். நீரில் வெளிப்பொருளை எறிந்த குற்றத்துக்காகத் தகுதி நீக்கம் என்று அங்கேயே எழுதினார். குணசேகரன் குளத்தின் விளிம்பில் மண்டியிட்டு, "புத்தகம் முழுகுது, புத்தகம் முழுகுது" என்று அரற்றினார். அங்கே இருந்த முப்பத்திரண்டு நிர்வாகிகளில் நீந்தத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தகுதி நீக்கப்பட்டவளே மறுபடி இறங்கி, அடியில் கிடந்ததை எடுத்து வந்து கொடுத்தாள். அவர் வாங்கவில்லை.

"நனைஞ்ச சட்டத்துக்கு நான் பொறுப்பேத்துக்க முடியாது. நீயே வெச்சுக்க கண்ணு."

உறை கிழிந்துவிட்டதால் அந்தப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தவள் யமுனாதான். பஸ் ஜன்னலில் விரித்துப் பிடித்துக் காயவைத்துக்கொண்டே போனாள். பூபதி வாத்தியார் அகராதியை வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தார். ஐந்தாம் நாள் வியர்க்க விறுவிறுக்க மலையேறி வந்தார்.

"கண்ணாயிம்மா, நீங்க செஞ்சதுதான் விதி. பாயறவங்க கண்ணுக்குத் தண்ணி தெரியற மாதிரி மேல்பரப்பைக் கலைச்சு வெச்சே ஆகணும்னு போட்டிருக்குது. கலைக்காம நடத்தின போட்டியே செல்லாது."

"இதை எழுதி வெக்கோணுமா?" என்றாள் கண்ணாயி. "எங்கூர்ல கொழந்தைக்குத் தெரியும்."

முறையீடு போனது. மூன்று பிரதி, ரிஜிஸ்டர் தபால். நவம்பர் முழுக்க யமுனா தபால்காரருக்கு எதிரே நடந்துபோய் ரோட்டிலேயே நின்றாள். டிசம்பர் பத்து வந்தது. மருதாசலமும் அர்த்தனாரியும் அணி மேலாளர், துணை மேலாளர் என்று கோலாலம்பூர் போய்விட்டு வந்தார்கள். போட்டியாளர் இடம் காலி. டிசம்பர் இருபதாம் தேதி யமுனா காட்டில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு பிடுங்கிக்கொண்டிருந்தாள். பிடுங்க வேண்டிய வரிசை முடிந்தும் நிறுத்தவில்லை. அடுத்த வருஷத்துக்கென்று விட்டிருந்த வரிசையையும் பிடுங்கி எறிந்தாள். எல்லாம் விரல் தடிமனுக்குக்கூட வராத கிழங்கு. கண்ணாயி தடுக்கவில்லை. கடைசிச் செடியைப் பிடுங்கிய பிறகு யமுனா அந்தப் புழுதியிலேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பிறந்ததிலிருந்து அவள் அவ்வளவு நேரம் ஒரே இடத்தில் உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

பதில் அடுத்த ஆனியில் வந்தது. முறையீடு முழுமையாக ஏற்கப்பட்டது. வீராங்கனைக்கு வயது கடந்துவிட்டபடியால் அவர் தொடர்பாக நடவடிக்கை ஏதும் தேவையில்லை. எனினும், நீரைக் கலைக்கும் பொறுப்பின் முக்கியத்துவம் கருதி, அணியுடன் வெளிநாடு செல்லும் வகையில் நீர்கலைப்பு அலுவலர் என்னும் பதவி உருவாக்கப்படுகிறது. அப்பதவியில் திரு. குணசேகரன் அமர்த்தப்படுகிறார்.

ஒரு வாரத்தில் ஜீப் வந்தது. மருதாசலம் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு ஒற்றையடிப் பாதையில் வந்தார். பின்னால் குணசேகரன் இரண்டு சாக்குப் பையோடு. மாநில அளவில் நீர் கலைத்த முன்னுதாரணம் இந்தக் குடும்பத்துக்கு மட்டுமே இருப்பதால், கல் கருமடுவிலிருந்துதான் எடுக்கப்பட வேண்டும் என்று கோப்பில் முடிவாகியிருந்தது. குணசேகரன் மடுக்கரையில் குனிந்து கல் பொறுக்கினார். ஒவ்வொன்றுக்கும் சுண்ணாம்பில் எண் போட்டார்.

"உன்ற ஊருக் கல்லு ஏரோப்ளேன்ல போகுதும்மா" என்றார் மருதாசலம். "எவ்வளவு பெருமை. அந்தப் பாறை மேல ஏறி ஒருக்காக் குதிச்சுக் காட்டு. செயலாளர் கல்லுப் போட்டுப் பழகிக்கட்டும்."

கண்ணாயியின் முகம் போன போக்கைப் பார்த்தால் எண் போட்ட கல்லில் ஒன்று மருதாசலத்தின் மண்டைக்குப் போயிருக்கும். யமுனா அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். அவளுக்கும் உள்ளே கொதித்தது. மூன்று வருஷம் ஏறி இறங்கிய எழுபது வளைவும் நெஞ்சுக்குள் சுற்றிற்று. ஆனால் வாயைத் திறந்தபோது வந்த குரல் அவளுடையது இல்லை. குணசேகரனின் குரல் மாதிரி நிதானமாக வந்தது.

"ஏனுங்க, போன வருசம் எங்கியாச்சும் கல்லுப் போட்டிருக்கறீங்களா?"

"இல்லியே கண்ணு."

"அப்பப் போடலைன்னு ஒரு சான்று வேணுமுங்க. கருமடுக் கல்லைத் தொடறதுக்கு அதான் முறை. திருப்புலி நாட்டு ஊர்க்கவுண்டர்கிட்ட வாங்கோணும். ரெண்டு சாட்சி. மூணு பிரதி."

மருதாசலம் சிரித்தார். ஆனால் குணசேகரன் சிரிக்கவில்லை. அவர் நிமிர்ந்து யமுனாவைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் முதன்முறையாக அவர் கண்ணில் அவள் மேல் ஒரு மரியாதை தெரிந்தது.

"முறைன்னா முறைதானுங்க தலைவரே" என்றார். "சான்று இல்லாமக் கல்லைக் கொண்டு போனா நாளைக்குத் தணிக்கையில நிக்காதுங்க." சாக்கைக் கவிழ்த்து, எண் வரிசைப்படி ஒவ்வொரு கல்லாகத் திருப்பி வைத்தார். அதற்கே சாயங்காலம் ஆயிற்று.

திருப்புலி நாட்டு ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டர் குப்புசாமி, கண்ணாயிக்கு அண்ணன் முறை. சங்கதி அவர் காதுக்கு முன்னாலேயே போய்விட்டது. அவர் குணசேகரனைத் திண்ணனூர் நாட்டுக்கு அனுப்பினார். அங்கிருந்து மறுபடி திருப்புலி நாட்டுக்கு. தலைப்பாகை இல்லாமல் வந்ததற்கு ஒரு நாள், தலைப்பாகையோடு வந்ததற்கு ஒரு நாள். வெய்யிலும் மழையுமாக ஏழு மாதம் ஓடிற்று. குணசேகரன் இளைத்துப் போனார். ஆனாலும் முகத்தில் ஒரு தேஜஸ் வந்திருந்தது. இத்தனை சீரான நிர்வாகத்தைத் தன் வேலைக்காலத்தில்கூடக் கண்டதில்லை என்று பஸ்ஸில் கண்டக்டரிடம் சொல்லிக்கொண்டு வந்தாராம்.

தை மாதம் சாமை அறுத்த களத்தில் அவருக்குத் தேர்வு வைத்தார்கள். குப்புசாமியும் இரண்டு பெரியவர்களும் நடுவர்கள். தண்ணீர் இருக்கிறதென்று நினைத்துக்கொண்டு களத்தில் கல் போட வேண்டும். குணசேகரன் குளிரில் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, கண்ணை மூடி, உதடு முணுமுணுக்க, ஒரு கல்லைப் போட்டார். கொஞ்சம் தூசி எழும்பிற்று. நடுவர்கள் மூன்று பேரும் மரியாதையாகத் தும்மினார்கள்.

மறுநாள் காலையில் யமுனாவும் கண்ணாயியும் கருமடுவுக்குப் போகும் வழியில் குணசேகரன் மூச்சிரைக்க ஓடி வந்தார். கண்ணில் நீர் நிறைந்திருந்தது.

"கண்ணு, முடிவு சொல்லிட்டாங்க. நான் ரெண்டாவதா வந்துட்டேன்."

"எத்தனை பேருங்க கலந்துக்கிட்டது?"

"நான் ஒருத்தன்தான்."

"மொதலிடம்?"

"காலி" என்றார் குணசேகரன். சொல்லும்போது அவருக்குக் கொஞ்சமும் உறுத்தவில்லை. "அதுதான் நியாயம். மொத வருசமே குடுத்துட்டா அதுக்கு என்ன மதிப்பு?"

"அடுத்த வருசம் வாங்க" என்றாள் யமுனா.

அவர் இரு கையும் கூப்பிக் கும்பிட்டுவிட்டு, எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும் என்று பாதையில் விழுந்தடித்து ஓடினார். அந்த ஓட்டத்தைப் பார்த்ததும் யமுனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வருஷம் அவளும் அதே பாதையில், அதே பஸ்ஸைப் பிடிக்க, அதே நம்பிக்கையோடுதான் ஓடினாள். ஒரே ஒரு வித்தியாசம், அவளுக்குக் குதிக்கத் தெரியும்.

பாறை நுனியில் போய் நின்றாள். காற்று இல்லை. மடுவில் வானம் மட்டும் தெரிந்தது.

கண்ணாயி மடியிலிருந்து கல்லை எடுத்தாள். அதில் சுண்ணாம்பில் நூற்றுப் பதினேழு என்று போட்டிருந்தது. சேலையில் அதைத் துடைத்துவிட்டு வீசினாள்.